நடுக்களத்தில் நிற்பவன்: ஓய்வு பெற்ற கால்பந்து ஆட்டக்காரனும் ஒரகடத்துத் தொழிலாளியும்

1

கால்பந்து குறித்து நமது சிறுபத்திரிகைச் சூழலில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. சினிமாவைப் பேசியிருக்கிறோம், கூத்தைப் பேசியிருக்கிறோம், கிரிக்கெட்டைக்கூட தேசியம், சாதி, விளம்பர மூலதனம் என்று ஒரு கை பார்த்திருக்கிறோம். கால்பந்து விடுபட்டுப்போனது. இத்தனைக்கும் வடசென்னையின் சேரிகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் பையன்கள் வெறுங்காலோடு ஆடிவந்தது அதைத்தான்.

இந்த விடுபடல் தற்செயலானதல்ல. உழைப்பு × விளையாட்டு என்கிற எதிர்வை இடதுசாரிகளாகிய நாமும் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆலைக்குள் நடப்பது உழைப்பு, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நடப்பது விளையாட்டு. முன்னதற்குச் சங்கம் உண்டு, பின்னதற்குக் கோப்பை உண்டு. அவ்வளவுதான்னு விட்டுட்டோம். கிராம்சி 1918லேயே கால்பந்தையும் சீட்டாட்டத்தையும் ஒப்பிட்டு, ஒரு சமூக ஒழுங்கின் மாதிரியாக ஆட்டத்தை வாசித்துக் காட்டினார் என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

தொழில்முறை ஆட்டக்காரனைப் பொறுத்தவரை இந்த எதிர்வு செல்லாது. அவனுக்கு முதலாளி உண்டு, சம்பளம் உண்டு, வேலைநேரம் உண்டு, வேலையில் அடிபடுவது உண்டு, ஆட்குறைப்பும் உண்டு. மற்ற தொழிலாளி 58லோ 60லோ ஓய்வு பெறுகிறான். இவன் 35ல். அதற்கப்புறம் என்ன ஆகிறான்? இந்தக் கேள்வியை ஒரு நடுக்கள ஆட்டக்காரரின் வேலை வரலாற்றை முன்வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். கேட்கிற இடம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடம். ஏன் அந்த இடம் என்பது போகப்போகத் தெளிவாகும்.

2

ஏன் நடுக்கள ஆட்டக்காரர்? கோல் அடிப்பவனின் வேலை எண்ணிக்கையாகிப் பத்திரிகையில் வருகிறது. கோல்கீப்பரின் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன் ஒரு ஆட்டத்தில் 10, 11 கிலோமீட்டர் ஓடுகிறான். அணியிலேயே அதிக தூரம் ஓடுவது பெரும்பாலும் இவன்தான். அதில் பந்து அவன் காலில் இருப்பது சில நிமிஷம்தான். மிச்ச நேரமெல்லாம் இடத்தை அடைப்பது, இடத்தைத் திறந்துவிடுவது, எதிராளி போகிற வழியை முன்கூட்டியே மறிப்பது, கூட ஆடுகிறவனுக்குப் பந்து வர ஒரு கோணத்தை உண்டாக்குவது. ‘சும்மா ஓடிக்கிட்டே இருக்கான்’ என்று காலரியில் இருப்பவர் சொல்வது இதைத்தான்.

இந்தத் திறமைக்கு ஒரு விசேஷ குணம் இருக்கிறது. அது ஒரு ஆளுக்குள் மட்டும் இருப்பதில்லை, ஆட்களுக்கு இடையில் இருக்கிறது. முன்கள வீரனின் கோலை வெட்டியெடுத்துத் தனியாகத் திரையிட்டுக் காட்டலாம். நடுக்கள ஆட்டத்தை அப்படி வெட்டியெடுக்க முடியாது, மற்ற பத்து பேரோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எனவே ஆட்டத்தை விட்டபின் நட்சத்திரமாக, விளம்பர முகமாக, நினைவுப் பொருளாக மாறுகிற வாய்ப்பு இவனுக்குக் குறைவு. இவனைத் தாங்க வேண்டியது ஒரு நிறுவனம்: ஒரு மன்றமோ, அலுவலகமோ, சங்கமோ. அது இல்லாமல் போகிறபோது என்ன நடக்கிறது என்பதுதான் பிரச்சினை.

3

கலியா குலோத்துங்கன் தஞ்சாவூர்க்காரர், நடுக்கள ஆட்டக்காரர். 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் மன்றப் போட்டியில் தாய்லாந்தின் பெக் தேரோ சாசனா அணியை 3–1 என்று வென்ற ஈஸ்ட் பெங்கால் குழுவில் இருந்தவர். ஓர் இந்திய மன்றம் வெளிநாட்டு மண்ணில் பெற்ற வெற்றிகளில் பெரியது அது. இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த ஒகோரோ, பாய்சுங் பூட்டியா, ஆல்விட்டோ டி’குன்யா பெயர்கள் கால்பந்து ரசிகர்களுக்குத் தெரியும். அந்தக் குழுவில் ஒரு தமிழர் இருந்தார் என்பது தமிழ்நாட்டிலேயே பலருக்குத் தெரியாது. 2018 அக்டோபரில் தஞ்சாவூரில் ஒரு சாலை விபத்தில் அவர் இறந்தபோதுதான் செய்தித்தாள்கள் அதைத் திரும்ப எடுத்து எழுதின. அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டி.

அவருடைய அந்தரங்க வாழ்க்கைக்குள் நாம் போகத் தேவையில்லை. அவர் ஆடிய அணிகளில் சிலவற்றை மட்டும் பார்ப்போம். ஈஸ்ட் பெங்கால், மஹிந்திரா யுனைடெட், மும்பை எஃப்.சி., விவா கேரளா. இதில் மஹிந்திரா யுனைடெட் மஹிந்திரா வாகனக் கம்பெனியின் அணி. 2005–06ல் தேசிய லீகையே வென்றது. 2010ல் கம்பெனி அதைக் கலைத்துவிட்டது, இனிமேல் பள்ளிப் பிள்ளைகளுக்கான கால்பந்துத் திட்டத்தில் கவனம் செலுத்தப்போவதாகச் சொன்னது. விவா கேரளா கைமாறி, பெயர் மாறி, 2012ல் இல்லாமல் போனது. மும்பை எஃப்.சி. 2017க்குப் பின் தேசிய லீகில் இல்லை. நாலில் எஞ்சியது ஈஸ்ட் பெங்கால் ஒன்றுதான்.

ஆட்டக்காரர் ஆட்டத்தை விடுவது இயற்கை. அணிகள் அவருக்கு முன்னும் பின்னுமாகப் போய்ச் சேர்ந்தது இயற்கையல்ல. எஞ்சிய ஒன்று எப்படி எஞ்சியது என்பது கவனத்திற்குரியது. 1920ல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் பெங்கால் உறுப்பினர்களின் மன்றம். சந்தா கட்டும் ஆட்கள், கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளின் அடையாளம், அரை நூற்றாண்டுச் சண்டை சச்சரவு எல்லாம் அதற்குப் பின்னால் இருக்கின்றன. முதலீட்டாளர் வருவார், போவார், மன்றம் அங்கேயே இருக்கும். கம்பெனியின் விருப்பத்தில் நின்ற அணிகளுக்கு அப்படியொரு மண் இல்லை. ஒரு இயக்குநர் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டால் முடிந்தது கதை. பஞ்சாபில் பக்வாராவின் ஜே.சி.டி. ஆலை அணி, 1996–97ல் நடந்த முதல் தேசிய லீகின் சாம்பியன், 2011ல் அப்படித்தான் முடிந்தது.

4

இதற்கு முன்பு வேறொரு ஏற்பாடு இருந்தது. பேச்சுவழக்கில் ‘ஆபீஸ் டீம்’ என்போம். சென்னையில் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, மின்வாரியம், சுங்கத்துறை என்று நீளும். இந்தியன் வங்கி தேசிய லீக்வரைக்கும் போய் ஆடியது. பையன் ஜோனல் மேட்சில் நன்றாக ஆடுவான், யாராவது பார்த்துக் கூட்டிப்போவார்கள், ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’வில் கிளார்க்காகவோ கலாசியாகவோ வேலை. காலையில் பயிற்சி, அப்புறம் ஆபீசில் கையெழுத்து, போட்டி வந்தால் சிறப்பு விடுப்பு. முழங்கால் போனால் ஆட்டம்தான் போகும், வேலை போகாது. 35 வயதில் பந்தை வைத்துவிட்டு மிச்சமுள்ள இருபத்தி சொச்சம் வருஷம் அதே அலுவலகத்தில் கோப்பு பார்த்து, சாயங்காலம் அடுத்த தலைமுறைக்குப் பயிற்சி கொடுத்து, பென்ஷனோடு வெளியே வருவார். அந்தக் காலத்து நடுக்கள ஆட்டக்காரரின் ‘ஓய்வுக்குப் பின்’ என்பது இதுதான்.

இதை லட்சியமாக்கிப் பேசுவது நமது நோக்கமல்ல. அமெச்சூர் என்கிற பொய்யின்மேல் நின்ற ஏற்பாடு அது. நிர்வாகத்துக்கு விளம்பரமாகவும், தொழிலாளரைச் சங்கத்திலிருந்து மைதானத்துக்குத் திசைதிருப்புகிற உபாயமாகவும் அது பயன்பட்டதுண்டு. அணிக்குள் யாரைச் சேர்ப்பது, யாருக்குப் பதவி உயர்வு என்பதில் சாதியும் சிபாரிசும் வேலை செய்யாமல் இருந்திருக்க முடியாது. பெண்களுக்கு அந்தக் கதவு வெகுகாலம் திறக்கவேயில்லை. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. மீனவக் குப்பத்திலும் சேரியிலும் பிறந்த பையனுக்கு நிரந்தர வேலை என்ற ஒன்று கிடைக்கத் திறந்திருந்த மிகச் சில கதவுகளில் கால்பந்தும் ஒன்று.

இரண்டு காரணங்களால் இந்தக் கதவு சாத்தப்பட்டது. 1991க்குப் பிறகு பொதுத்துறையில் ஆளெடுப்பே சுருங்கியது, விளையாட்டு ஒதுக்கீடும் கூடவே சுருங்கியது. இது வெளியிலிருந்து வந்த காரணம். இன்னொன்று கால்பந்துக்குள்ளிருந்தே வந்தது. ஆசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் உரிம விதிகள், மன்றம் என்றால் அது தனிச் சட்ட உருவம் கொண்ட வணிக நிறுவனமாக இருக்க வேண்டும் என்றன. ஏர் இந்தியா, ஓ.என்.ஜி.சி. இரண்டும் 2013ல் ஐ-லீகிலிருந்து வெளியேற்றப்பட்டன. ‘தொழில்முறை’ என்கிற சொல் இங்கே ஆட்டத்தின் தரத்தைக் குறிக்கவில்லை, வேலை உறவின் வடிவத்தைக் குறித்தது. அலுவலக ஊழியன் தொழில்முறையல்ல, ஒப்பந்தக்காரனே தொழில்முறை என்று அர்த்தமாகிவிட்டது.

ரயில்வே, ராணுவம், போலீஸ் இன்னும் ஆட்டக்காரர்களை எடுக்கின்றன. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் புதிய வேலைகள் பெருமளவில் உருவானது அங்கெல்லாம் இல்லை. உருவான இடம் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம். ஆகவே கேள்வியை அங்கே கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

5

1996ல் இரண்டு சம்பவங்கள் நடந்தன. பெரம்பூரின் பி அண்ட் சி மில் மூடப்பட்டது. அதே ஆண்டில் ஹூண்டாய் இந்தியாவுக்கு வந்தது, 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் வெளிவந்தது. சென்னையின் தொழில் வடக்கிலிருந்து மேற்குக்கும் தெற்குக்கும் இடம்பெயர்ந்த கதைக்கு இந்த ஆண்டை ஒரு குறியாகக் கொள்ளலாம்.

பி அண்ட் சி சாதாரண மில் அல்ல. 1918ல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று அறியப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் தொழிலாளர்களால்தான் உருவானது. மில், ரயில்வே பணிமனை, 1955ல் வந்த ஐ.சி.எஃப். என்று வடசென்னையில் ஆலைகள் ஆட்களைக் குடியமர்த்தின. தாத்தா மில்லில், அப்பா ரயில்வேயில், பையன் மைதானத்தில் என்று தலைமுறைகள் ஒரே தெருவில் வாழ்ந்தன. பெரம்பூரும் வியாசர்பாடியும் கால்பந்துப் பிரதேசமானதற்கு ரத்தமோ மரபணுவோ காரணமல்ல, இந்தக் குடியமர்வுதான் காரணம். ஒரே இடத்தில் பத்து வருஷம் சேர்ந்து வாழ்கிறவர்களால்தான் ஒரு மன்றம் நடத்த முடியும்.

ஒரகடத் தடத்தின் மூலதனம் வேறு மாதிரி. அது ஆட்களைக் குடியமர்த்துவதில்லை, கொண்டுவந்து கொண்டுபோகிறது. கம்பெனி பஸ் விடியற்காலையில் வெளியூர்களிலிருந்து ஆட்களை அள்ளிவந்து ஷிப்ட் முடிந்ததும் கொண்டுபோய் விடுகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஒரு அறைக்கு ஏழெட்டுப் பேராகத் தங்கி, சில மாதத்தில் மாறிப்போகிறார்கள். 2006ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. எட்டு வருஷம் என்பது ஒரு குழந்தை பந்து உதைக்கக் கற்றுக்கொள்ளக்கூடப் போதாத காலம்.

வேடிக்கை என்னவென்றால் இதே கம்பெனிகளுக்குச் சொந்த நாட்டில் கால்பந்து அணிகள் இருக்கின்றன. கொரியாவில் ஹூண்டாய்க்கு ஜியோன்புக் ஹூண்டாய் மோட்டார்ஸ். ஜப்பானின் யோகோஹாமா எஃப். மரினோஸ் 1972ல் நிசானின் தொழிற்சாலை அணியாகத் தொடங்கியது. அதே நிசான் ரெனோவோடு சேர்ந்து 2010ல் ஒரகடத்தில் ஆலை போட்டு, 2025ல் தன் பங்கை ரெனோவுக்கே கொடுத்துவிட்டது. ஒரகடத்தில் டயர் செய்யும் அப்போலோவின் பெயர் சென்னையின் எஃப்.சி. சட்டையில் பல பருவங்கள் இருந்தது. மான்செஸ்டர் யுனைடெட்டோடும் 2013ல் அது ஒப்பந்தம் போட்டது. இந்தத் தடத்து ஆலைகளிலிருந்து தேசிய லீகில் ஆடும் அணி ஒன்றுகூட இதுவரை வரவில்லை. கம்பெனி ஆண்டு விழாவில் டிபார்ட்மென்டுக்கு டிபார்ட்மென்ட் மேட்ச் விடுவது வேறு விஷயம்.

சாம்சங் விவகாரத்தை இங்கே சேர்த்து வாசிக்க வேண்டும். 1995ல் சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் கொரியாவில் தொடங்கிய அணி சுவோன் சாம்சங் புளூவிங்ஸ். ஊர்ப் பெயரோடு கம்பெனிப் பெயரைச் சேர்த்துச் சட்டையில் எழுதிக்கொள்வதில் அங்கே பெருமை. 2024 செப்டம்பர் 9 முதல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கப் பதிவுக்குக் கம்பெனி எழுப்பிய முக்கிய ஆட்சேபம், சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் இருக்கக்கூடாது என்பது. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. பதினோரு பேர் சட்டையில் போட்டுக்கொள்ளலாம், ஆயிரம் பேர் சங்கத்துக்கு வைத்துக்கொள்ளக்கூடாது! ஒரு பெயர் யாருடைய சொத்து என்கிற இந்தத் தகராறு, அணி என்பது யாருடையது என்ற நமது கேள்வியிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

6

தமிழ்நாட்டில் 1981ல் வந்த நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம், 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது. இந்தத் தடத்தில் புழங்கும் அப்ரென்டிஸ், ட்ரெய்னி, கான்ட்ராக்ட், ஃபிக்சட் டெர்ம் என்கிற சொற்களெல்லாம் பெரும்பாலும் அந்த 480ஐத் தாண்டவிடாமல் ஆளைப் பயன்படுத்தக் கண்டுபிடித்தவைதான் என்பது ஆலைவாசலில் நின்ற எவருக்கும் தெரியும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு ‘குறித்த கால வேலை’க்குச் சட்ட அங்கீகாரமே கொடுத்துவிட்டது.

தொழில்முறைக் கால்பந்தில் இது ஆரம்பத்திலிருந்தே விதி. எல்லாரும் குறித்த காலம்தான். ஒரு பருவம், ரெண்டு பருவம். ஐரோப்பாவின் பெரிய மன்றங்கள் ஒரு ஆட்டக்காரனை விலை கொடுத்து வாங்கினால், அந்த விலையைக் கணக்கில் சொத்தாக எழுதி, ஒப்பந்தக் காலம் முழுக்க வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கின்றன. முதுகு, கணுக்கால், முழங்கால் ஆகியவற்றின் தேய்மானம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஆலையின் தையல் ஊசிக்கும் ரோபோ கைக்கும் பராமரிப்புச் செலவு ஒதுக்குகிறவர்கள், ஆட்டக்காரனின் 35 வயதுக்குப் பிந்தைய உடம்பை அவன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஒப்பந்தம் என்பதே தீங்கு என்று இதற்கு அர்த்தமில்லை. ஆட்டக்காரனைக் கட்டிப்போட்ட பழைய முறையை உடைத்தவரும் ஒரு நடுக்கள ஆட்டக்காரர்தான். பெல்ஜியத்தின் ழான்-மார்க் போஸ்மான். 1990ல் லியேஜ் மன்றத்தோடு ஒப்பந்தம் முடிந்த பிறகும், மாற்றுத் தொகை கேட்டு அவரை வேறு மன்றத்துக்குப் போகவிடவில்லை. ஐந்து வருஷம் வழக்காடி 1995 டிசம்பர் 15ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார். அந்தத் தீர்ப்பில் நட்சத்திரங்கள் கோடீஸ்வரர் ஆனார்கள். போஸ்மானின் ஆட்ட வாழ்வு வழக்கிலேயே முடிந்துபோனது. குடியும் மனச்சோர்வுமாக, உதவித்தொகையில் காலம் தள்ளியதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இடம் மாறும் சுதந்திரம் கிடைத்தது. இடம் இல்லாமல் போகிறவனுக்கு என்ன என்பதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

நம்மூரில் அந்தச் சுதந்திரமும் ஸ்திரமில்லாதது. 2018–19ல் ஐ-லீக் வென்ற சென்னை சிட்டி, 2021–22 பருவத்தில் அந்த லீகிலேயே இல்லை. 2025 ஜூலையில், லீக் நடத்தும் உரிமை பற்றிய ஒப்பந்தம் முடியப்போகிறது என்று ஐ.எஸ்.எல். பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு அணி சம்பளத்தை நிறுத்திவைத்தது, சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாடுகளை நிறுத்தியது. இரண்டு அமைப்புகளுக்கு இடையிலான ஒரு தாள், நூற்றுக்கணக்கான ஆட்களின் வேலை. ஆலை மொழியில் இதற்கு ‘லே-ஆஃப்’ என்று பெயர். ஆலைத் தொழிலாளிக்காவது லே-ஆஃப் இழப்பீடு என்று சட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது.

7

இதுவரை பேசியது ஆண்களின் கால்பந்து. தமிழ்நாட்டின் பெண்கள் அணி 2018லும் 2023லும் தேசியச் சாம்பியன். ஆண்கள் அணிக்கு இந்தக் காலத்தில் அப்படியொன்று வாய்க்கவில்லை. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு போலீசில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் சென்னைத் தெருவில் காவல் பணியில் நின்றார். பழைய ‘ஆபீஸ் டீம்’ ஏற்பாடு தாமதமாகத் திறந்த கதவு வழியே வந்தவர் அவர். அந்த வேலைதான் அவருடைய ஆட்டத்துக்கும், ஆட்டத்துக்குப் பிறகான வாழ்வுக்கும் பிடிமானம்.

இந்தத் தடத்தின் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை செய்வோர் பெரும்பாலும் இளம்பெண்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய்ப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, ஃபாக்ஸ்கான் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் 2024ல் வல்லம் வடகாலில் 18,720 படுக்கை கொண்ட விடுதி திறக்கப்பட்டது. படுக்கை எத்தனை என்று நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவில் ஆடிய பெண் ஒருத்தி அந்தப் படுக்கைகளில் ஒன்றில் இருந்தால், ஷிப்ட் போக அவள் பந்து உதைக்க எந்த நேரம் மிச்சம் என்று சங்கம் கேட்டதுண்டா? நாம் கேட்டதுண்டா?

கம்பெனிகள் சட்டம், 2013ன் 135ஆவது பிரிவு லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. விளையாட்டுப் பயிற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. ‘அப்ப பிரச்சினை தீர்ந்துச்சே’ என்று தோன்றலாம். மஹிந்திரா 2010ல் செய்ததை நினைவில் வைக்க வேண்டும். சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களின் அணியைக் கலைத்துவிட்டு, பிள்ளைகளுக்கான திட்டத்தை அறிவித்தது. வேலை உறவு இருந்த இடத்தில் தர்மம் வந்து உட்கார்ந்தது. சமூகப் பொறுப்பு நிதி ஒரு வாரக் கோடைக்கால முகாம் நடத்தும், பனியன் கொடுக்கும், போட்டோ எடுக்கும். ஓய்வு பெற்ற நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரை மாதச் சம்பளத்தில், பி.எஃப்.போடு, பத்து வருஷத்துக்குப் பயிற்சியாளராக அது வைத்துக்கொள்வது அபூர்வம்.

எனவே கோரிக்கை வேறு இடத்திலிருந்து எழ வேண்டும். பாய்சுங் பூட்டியா முன்னின்று 2006ல் உருவான ஆட்டக்காரர் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆலைத் தொழிற்சங்கங்களுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆட்டக்காரன் தன்னைத் தொழிலாளியாக நினைப்பதில்லை, தொழிற்சங்கம் ஆட்டக்காரனைத் தொழிலாளியாகப் பார்ப்பதில்லை. ஒப்பந்தம் முடிந்தால் யாரும் இல்லை என்கிற நிலைமையோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான். கோரிக்கைப் பட்டியலில் கேன்டீனும் பஸ்ஸும் இடம்பெறுகிற மாதிரி மைதானமும், ஆடுவதற்கான ஷிப்ட் விடுப்பும், ஆலைப் பெயர்ப் பட்டியலில் சம்பளத்தோடு இருக்கும் பயிற்சியாளரும் இடம்பெறலாம். அதற்கும் அப்பால், கம்பெனி கலைக்க முடியாத, சந்தா கட்டும் உறுப்பினர்களின் மன்றம் ஒன்றை ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ தொழிலாளர்களே தொடங்கலாம். அதற்கு முதலில் ஆட்கள் அங்கே வாழ வேண்டும், நிலைத்து வாழ வேண்டும். மைதானத்துக்கான கோரிக்கை வீட்டுக்கான, நிரந்தர வேலைக்கான கோரிக்கையோடு பிணைந்திருப்பது அதனால்தான். 480 நாளுக்குள் துரத்தப்படுகிறவர்களால் பதினோரு பேர் சேர்ந்த அணியைக்கூடக் கட்ட முடியாது.